மருத்துவருக்கும் நோயாளிக்கும் நடுவே: பொருநை நாட்டில் இடைநிலை மருத்துவ ஊழியரின் வரலாறு

நம் நாட்டு மிஷன் வரலாறுகளில் மருத்துவப் பணியைக் கூறும் அதிகாரங்கள் பெரும்பாலும் ஒரு மருத்துவரின் வாழ்க்கைக் குறிப்பாகவே அமைந்துள்ளன. அவர் எந்த ஆண்டில் கப்பலேறினார், எவ்வூரில் மருத்துவமனை எழுப்பினார், எப்போது தாயகம் திரும்பினார் அல்லது எந்தக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பண்ணப்பட்டார் என்பவற்றை நாம் அங்கே காண்கிறோம். ஆனால் அம்மருத்துவர் சுற்றுப்பயணத்தில் இருந்த நாட்களில் நோயாளியின் புண்ணைக் கழுவிக் கட்டியவர் யார்? அவர் இறந்தபின் அடுத்தவர் வந்து சேரும்வரை மருந்தறையின் கதவைத் திறந்து வைத்தவர் யார்? நள்ளிரவில் பிரசவ வேதனைப்பட்ட பெண்ணின் அருகில் நின்றவர் யார்? இக்கேள்விகளுக்கு அந்நூல்கள் ஓரிரு வரிகளில் மறுமொழி கூறி அப்பால் செல்கின்றன.

கம்பவுண்டர், டிரெஸ்ஸர், மருத்துவ உபதேசியார், தாதி, மருத்துவச்சி என்று பல பெயர்களால் அழைக்கப்பட்ட இந்த நடுநிலை ஊழியரைப் பற்றியதே இக்கட்டுரை. இன்று ‘நர்ஸ் பிராக்டிஷனர்’, ‘பிசிசியன் அசிஸ்டன்ட்’ என்னும் புதிய பெயர்களோடு இவர்கள் மீண்டும் பேசப்படுகின்றனர். இதனைப் புதுமை என்று வரவேற்போரும் உண்டு; ஆபத்து என்று அஞ்சுவோரும் உண்டு. இரு சாராரும் நம் பகுதியின் கடந்த காலத்தை நோக்குதல் நலம் என்று எண்ணுகிறோம்.

மருத்துவமனைகளுக்கு முன்

பொதிகை மலையில் தோன்றி, பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரை பாயும் தாமிரபரணியின் கரைகளில் மருத்துவம் மேலைநாட்டாரோடு வந்த ஒன்றன்று. பொதிகையை அகத்தியரோடு இணைத்துப் போற்றும் மரபில் சித்த வைத்தியர் பரம்பரை பரம்பரையாக வாழ்ந்த நிலம் இது. 1964ஆம் ஆண்டில் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டதும் அம்மரபின் தொடர்ச்சியே எனலாம். ஊர்தோறும் நாட்டு வைத்தியரும், மகப்பேற்றுக்கு மருத்துவச்சியரும் இருந்தனர். மருத்துவச்சியின் கைத்திறனை நம்பி வாழ்ந்த ஊர், அவளது சாதியைக் கருதி அவளை வாசலுக்கு வெளியே நிறுத்தியதையும் நாம் மறத்தலாகாது. நோயாளிக்கு மிக அருகில் நிற்பவருக்கு மிகக் குறைந்த மதிப்பு என்னும் வழக்கம் நம் மண்ணில் பழமையானது. மேலைநாட்டு மருத்துவம் வந்தபோதும் அவ்வழக்கம் எளிதில் அகலவில்லை.

1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் பரவிய கொடிய காய்ச்சலை ஆராயச் சென்னை அரசாங்கம் ஒரு மருத்துவக் குழுவை அமைத்தது. அக்காலத்தில் இவ்வளவு பரந்த சீமைக்கு ஐரோப்பிய மருத்துவர் மிகச் சிலரே. எனவே சென்னை அரசாங்கம் தன் படைகளுக்கும் மருத்துவ நிலையங்களுக்கும் டிரெஸ்ஸர், அப்போதிகரி என்னும் கீழ்நிலைப் பணியாளரைப் பயிற்றுவித்தது. மருத்துவரின் எண்ணிக்கை மக்களின் தேவைக்கு ஈடாகாதபோது இடைநிலை ஊழியர் தோன்றுவர் என்பது அன்றே விளங்கிய உண்மையாகும்.

உபதேசியார் முறையும் நாசரேத்தும்

திருநெல்வேலித் திருச்சபை இவ்வுண்மையை வேறொரு துறையில் நன்கு அறிந்திருந்தது. ரேனியஸ் ஐயர் 1820ஆம் ஆண்டில் பாளையங்கோட்டைக்கு வந்து 1838இல் மரிக்கும்வரை ஆற்றிய பணியில் சபைகள் பெருகின, குருமாரோ சிலரே. அச்சபைகளை நாள்தோறும் தாங்கியவர் உபதேசியாரே. அவர்கள் அதே மண்ணில் பிறந்து, அதே மொழியைப் பேசி, மக்களோடு அதே கூழைக் குடித்து வாழ்ந்தனர். அவர்களுக்குக் குருப்பட்டம் இல்லை; ஆனால் வரையறுக்கப்பட்ட பணியும், மேற்பார்வையும், ஓரளவு பயிற்சியும் இருந்தன. நம் சபையின் அடித்தளம் இடைநிலை ஊழியத்தால் இடப்பட்டது என்பதைக் குருத்துவப் பணிக்குப் பயிலும் மாணவர் நினைவில் கொள்ளுதல் தகும்.

மருத்துவத்தில் இம்முறை சற்றுப் பிந்தியே வந்தது. கல்விக்குக் கொடுத்த முதன்மையை நம் பகுதி மிஷன்கள் மருத்துவத்திற்குக் கொடுக்கவில்லை. ஆழ்வார்திருநகரிக்குத் தெற்கே உள்ள நாசரேத்தில், எஸ்.பி.ஜி. சங்கத்தைச் சேர்ந்த குருவானவரும் மருத்துவருமாகிய ஸ்டிராக்கன் 1870ஆம் ஆண்டளவில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். இவரே பின்னர் 1882இல் இரங்கூனின் அத்தியட்சரானவர். அவருக்குப்பின் 1876இல் நாசரேத்துக்கு வந்து 1908இல் மரிக்கும்வரை அங்கேயே உழைத்தவர் மர்காஷிஸ் ஐயர். மருத்துவப் பயிற்சி ஓரளவு பெற்றிருந்த அவர் வந்து சேர்ந்த காலமோ, தென்னிந்தியாவை வாட்டிய 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்ச காலம். பஞ்சத்தோடு வாந்திபேதியும் வந்தது. பள்ளி, அநாதைச் சாலை, கைத்தொழிற்சாலை ஆகியவற்றோடு மருந்தறையும் அவர் பொறுப்பாயிற்று. இத்தனையும் ஒருவர் கையில் இருந்தபோது, மருந்து கலக்கவும் காயம் கட்டவும் பழகிய உள்ளூர் உதவியாளரின்றி அம்மருந்தறை ஒரு நாளும் நடந்திராது. பரிசுத்த லூக்கா மருத்துவமனையாக அது இன்றும் நிலைத்திருப்பதற்குக் காரணமானோர் பலர். பெயரோடு நினைக்கப்படுவோர் ஒருவரோ இருவரோதான்.

நெய்யூர் தந்த சான்று

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால், அக்காலத்தில் திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்த நெய்யூரில் நடந்தவை இக்கேள்விக்கு இன்னும் தெளிவான விடையளிக்கின்றன. இலண்டன் மிஷன் சங்கத்தின் மருத்துவராக ராம்சே 1838இல் அங்கு வந்தார். சில ஆண்டுகளில் பணியிலிருந்து விலகினார். பணி நின்றது. 1852இல் லீச் வந்தார்; 1854இல் முட்டம் கடலில் மூழ்கி இறந்தார். பணி மீண்டும் நின்றது. மருத்துவர் ஒருவரையே தூணாகக் கொண்ட வீடு அத்தூண் சாய்ந்தபோதெல்லாம் விழுந்தது.

1861இல் வந்த ஜான் லோ வேறு வழியைத் தேர்ந்தார். உள்ளூர்க் கிறிஸ்தவ இளைஞர் சிலரைச் சேர்த்து உடற்கூறு, மருந்தியல், நோய்க்குறிகள், அறுவை உதவி ஆகியவற்றில் முறையாகப் பயிற்றுவித்தார். பயிற்சி பெற்றவர் ‘மருத்துவ உபதேசியார்’ என்னும் நிலையில் கிளை மருந்தகங்களில் அமர்த்தப்பட்டனர். எளிய நோய்களை அவர்களே கவனித்தனர். கடினமானவற்றை நெய்யூருக்கு அனுப்பினர். 1868இல் லோ ஊர் திரும்பியபின், தாம்சன் 1873இல் வரும்வரை நெய்யூரில் ஐரோப்பிய மருத்துவர் எவருமில்லை. ஆயினும் இம்முறை பணி நிற்கவில்லை. லோவின் மாணவரே அதனை நடத்தினர். முதல் இரண்டு இடைவெளிகளுக்கும் மூன்றாவது இடைவெளிக்கும் உள்ள வேற்றுமை பயிற்சி பெற்ற உள்ளூர் ஊழியர் இருந்ததேயாகும். பிற்காலத்தில், எவரெஸ்ட் ஏற்ற முயற்சிகளில் பங்குபெற்ற சாமர்வெல் 1923 முதல் நெய்யூரில் பணியாற்றியபோது, அப்பணி கிளைகள் பலவாக விரிந்திருந்ததும் இம்முறையின் பயனே.

நெய்யூர் முறையில் மூன்று கூறுகளை நாம் கவனிக்கிறோம். ஊழியரின் பணிக்கு ஓர் எல்லை இருந்தது. அவ்வெல்லைக்கு உட்பட்டவற்றில் தாமே முடிவு செய்யும் உரிமை இருந்தது. எல்லையைக் கடந்தவற்றை அனுப்புவதற்கு ஒரு மைய மருத்துவமனை இருந்தது. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் தீங்காக முடியும்.

மானிப்பாயும் மொழியும்

இதே நூற்றாண்டில் கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் வேறொரு பாடம் கற்றார். 1847இல் வந்த அவர் அடுத்த ஆண்டே மாணவரைச் சேர்த்து ஆங்கிலத்தில் மருத்துவம் பயிற்றினார். ஆங்கிலம் கற்றவர் அரசாங்க உத்தியோகத்தையும் தோட்டங்களையும் நாடிச் சென்றனர். கிராமங்கள் முன்போலவே இருந்தன. எனவே 1864 முதல் அவர் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். அதற்காகத் தமிழில் மருத்துவ நூல்களை ஆக்கினார். கலைச்சொற்களைத் தேடித் தொகுத்தார். 1873இல் அவர் தாயகம் திரும்பும்முன் அறுபதுக்கும் மேற்பட்டோர் அவரிடம் பயிற்சி முடித்திருந்தனர்.

கிறீனின் நோக்கம் மொழிப்பற்று மட்டுமன்று. கற்றவன் கற்ற இடத்திலேயே தங்கி ஊழியஞ்செய்ய வேண்டும் என்பதே அவர் தேடியது. எந்த மொழியில் ஒருவன் நோயாளியிடம் பேசுவானோ அந்த மொழியில் அவன் கற்றிருந்தால், நோயாளியை விட்டு அவன் விலகிச் செல்வது குறையும் என்று அவர் கண்டார். ஊழியரைப் பயிற்றுவித்துவிட்டு அவர் ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று வருந்தும் நம் நிறுவனங்களுக்கு இது இன்றும் பொருந்தும்.

பொன்னம்மாள்

இனிப் பெண்களின் பணிக்கு வருவோம். 1896இன் இறுதியில் திருநெல்வேலிச் சீமைக்கு வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், தாமிரபரணியின் கீழ்ப்பகுதியிலுள்ள பண்ணைவிளையில் வாக்கர் ஐயரின் குடும்பத்தோடு தங்கி, பெண்கள் குழு ஒன்றோடு ஊர் ஊராகச் சென்றார். அக்குழுவில் முதன்மையானவர் பொன்னம்மாள். இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். 1901இல் அம்மையாரின் பணி டோனாவூரில் நிலைகொண்டு, தேவாலயங்களுக்கு ஒப்புக்கொடுக்கப்படும் நிலையிலிருந்த பெண் மகவுகள் அங்கே வரத் தொடங்கியபோது, கைக்குழந்தைகள் சிலர் பிழைக்கவில்லை. டோனாவூரில் அப்போது மருத்துவரும் இல்லை, பயிற்சி பெற்ற தாதியும் இல்லை.

எனவே குழந்தைகளுக்கென நெய்யூரில், மருத்துவ மிஷனின் அருகிலேயே ஒரு விடுதி ஏற்படுத்தப்பட்டது. டோனாவூரிலிருந்து மாட்டு வண்டியில் ஒரு நாளுக்கு மேற்பட்ட பயணம். அவ்விடுதியின் முழுப் பொறுப்பும் பொன்னம்மாளிடம் ஒப்படைக்கப்பட்டது. பட்டமோ சான்றிதழோ இல்லாத அவர், பால் கலக்கும் அளவையும், பாத்திரத் தூய்மையையும், வயிற்றுப்போக்குற்ற சிசுவைப் பேணும் முறையையும் மருத்துவரிடம் கேட்டுக் கற்றார். கற்றதை மற்ற பெண்களுக்குக் கற்பித்தார். நோய் பரவிக் குழந்தைகள் பலர் மரித்த கொடிய நாட்களையும் அவர் அங்கே கண்டார். பிறர் பெற்ற பிள்ளைகளை இவ்வாறு பேணுவதும், அவர்களின் கழிவுகளைத் தூய்மை செய்வதும் அக்காலத்தில் உயர்குலப் பெண்களுக்கு ஏற்றதல்லாத வேலை என்று கருதப்பட்டன. அவ்வெண்ணத்தைப் பேச்சினால் அன்று, கையினால் செய்து காட்டியே அவர் தகர்த்தார்.

1907இல் பயிற்சி பெற்ற தாதியாகிய மேபல் வேட் இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்தார். பின்னர் குழந்தைகள் விடுதி டோனாவூரிலேயே அமைந்தது. பொன்னம்மாள் 1915இல் புற்றுநோயால் மரித்தார். அவர் வரலாற்றை அம்மையாரே 1918இல் ஒரு நூலாக எழுதினார். டோனாவூர் மருத்துவமனையாகிய பரம சுக சாலை பிற்காலத்தில் எழும்பியபோது அதற்கு வேண்டிய செவிலியர் மரபு ஏற்கெனவே இருந்தது. பொன்னம்மாளின் பெயர் நிலைத்தது. அவரோடு இரவெல்லாம் விழித்திருந்த பெண்களில் பலரின் பெயர் நமக்கு எட்டவில்லை.

சட்டமும் பட்டமும்

இருபதாம் நூற்றாண்டில் அரசு இத்துறையை ஒழுங்குபடுத்த முற்பட்டது. 1914இல் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டமும், 1926இல் சென்னை செவிலியர் மற்றும் மருத்துவச்சியர் சட்டமும் வந்தன. 1948இன் மருந்தாளுநர் சட்டம் கம்பவுண்டரின் பணியை வரையறுத்தது. இவை தேவையானவையே. மருந்தறையில் சில ஆண்டுகள் நின்று பழகிய ஒருவர், மேற்பார்வையின்றித் தனியே ஊசி போடவும் மருந்து கொடுக்கவும் புறப்பட்டு உயிர்களைக் கெடுத்த நிகழ்ச்சிகள் எங்கும் உண்டு. இடைநிலை ஊழியத்தைப் புகழ்வோர் இதனை மறைத்துப் பேசலாகாது.

எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குக் குறைந்த எல்.எம்.பி. என்னும் மருத்துவத் தகுதியும் அக்காலத்தில் இருந்தது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918இல் தொடங்கிய பெண்கள் மருத்துவப் பள்ளி இத்தகுதிக்கே மாணவியரை ஆயத்தப்படுத்தியது. 1946இல் அறிக்கையளித்த போர் குழு கணக்கிட்டபடி, பிரிட்டிஷ் இந்தியாவில் பதிவு பெற்ற மருத்துவர் 47,524 பேர்; அவர்களில் 29,870 பேர் எல்.எம்.பி. போன்ற தகுதியுடையோர், பட்டதாரிகள் 17,654 பேர் மட்டுமே. மருத்துவர் ஏறத்தாழ 6,300 பேருக்கு ஒருவர். செவிலியரோ 43,000 பேருக்கு ஒருவர். இந்நிலையில் அக்குழு, இனி ஒரே தரமான மருத்துவரையே உருவாக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. குழுவின் உறுப்பினர் சிலர் இதற்கு உடன்படவில்லை. எனினும் பெரும்பான்மையோர் கருத்தே நிறைவேறியது, எல்.எம்.பி. பயிற்சி மறைந்தது.

பெரும்பான்மையோரின் நோக்கம் உயர்ந்தது. நகரத்தானுக்கு முழு மருத்துவர், நாட்டுப்புறத்தானுக்கு அரை மருத்துவர் என்னும் பாகுபாடு சுதந்திர நாட்டில் கூடாது என்று அவர்கள் கருதினர். அக்கருத்தின் நீதியை நாம் மறுக்கவில்லை. ஆனால் நடந்தது என்ன? முழு மருத்துவர் பெரும்பாலும் நகரங்களில் தங்கினர். 1965இல் திருநெல்வேலிக்கு மருத்துவக் கல்லூரி வந்தபின்னும் ஆற்றங்கரைச் சிற்றூர்களிலும் தேரிக்காட்டு ஊர்களிலும் நோயாளிக்கு முதலில் கிடைத்தவர் செவிலியரே. 1973இன் கர்த்தார் சிங் குழுவின் பரிந்துரைக்குப்பின் உருவாகி, நம் மாநிலத்தில் கிராம சுகாதார செவிலியர் என்று அழைக்கப்பட்ட பெண்களே தடுப்பூசியையும் கர்ப்பிணிப் பராமரிப்பையும் வீடு வீடாகக் கொண்டு சென்றனர். சட்டத்தில் இடமில்லாத இடைநிலை ஊழியம் நடைமுறையில் ஒரு நாளும் ஓயவில்லை. பொறுப்பு அவர்களுக்கு இருந்தது. அதற்கேற்ற அதிகாரமும் பெயரும் இல்லை. இதுவே நாம் கவனிக்க வேண்டிய அநீதி.

புதிய பெயர்கள்

1965ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இரண்டு முயற்சிகள் தொடங்கின. கொலராடோ பல்கலைக்கழகத்தில் செவிலியர் லொரெட்டா ஃபோர்டும் மருத்துவர் ஹென்றி சில்வரும் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியைத் தொடங்கினர். டியூக் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் யூஜின் ஸ்டெட், கடற்படையில் மருத்துவ உதவியாளராயிருந்தோரைக் கொண்டு பிசிசியன் அசிஸ்டன்ட் பயிற்சியைத் தொடங்கினார். உலகம் இவற்றைப் புதுமை என்று போற்றியது. அவற்றின் அமைப்பை நோக்கினால், வரையறுத்த பணி, தாமே முடிவு செய்யும் உரிமை, மருத்துவரோடு தொடர்பு என்று நெய்யூரில் ஒரு நூற்றாண்டுக்கு முன் கண்டவையே அங்கும் அடிப்படையாக இருத்தல் தெரியும்.

நம் நாட்டில் 1992இல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் மருத்துவர் கே.எம். செரியன் இதய அறுவைப் பிரிவுக்காகப் பிசிசியன் அசிஸ்டன்ட் பயிற்சியைத் தொடங்கினார். 2017இல் தீவிர சிகிச்சைத் துறையிலும், 2018இல் பேறுகாலப் பராமரிப்பிலும் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சிக்கு அரசு வழிவகுத்தது. 2019இன் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் சமுதாய நலப் பணியாளருக்கு வரையறுத்த உரிமம் வழங்க இடமளித்தபோது, மருத்துவர் சங்கத்தார் அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் வேலைநிறுத்தம் செய்தனர். 2021இன் சட்டம் பிசிசியன் அசிஸ்டன்ட் உள்ளிட்ட துணை மருத்துவத் தொழில்களுக்குத் தேசிய ஆணையத்தை அமைக்க வழி செய்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றிற்கான மாத்திரைகளைப் பெண் தன்னார்வலர் வழியே வீட்டு வாசலுக்கே அனுப்பியது. போர் குழுவில் எழுந்த அதே வாதம் இன்னும் முடியவில்லை என்பதை இவை காட்டுகின்றன.

திருச்சபையின் முன் உள்ள கேள்வி

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிவு ஒன்றே. இடைநிலை ஊழியர் வேண்டுமா வேண்டாமா என்பது கேள்வியன்று. அவர்கள் எப்போதும் இருந்தனர், இருப்பர். முறையான பயிற்சி, தெளிவான எல்லை, உண்மையான மேற்பார்வை, தகுந்த ஊதியம், மதிப்புள்ள பெயர் ஆகியவற்றோடு இருப்பார்களா, அல்லது இவையொன்றும் இன்றிப் பொறுப்பை மட்டும் சுமப்பார்களா என்பதே கேள்வி.

இதனை உணர்வதற்குத் திருச்சபைக்குத் தன் வேதமே வழிகாட்டுகிறது. அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் விதவைகள் அன்றாட விசாரணையில் கைவிடப்பட்டபோது, ஆதிச்சபை தகுதியுள்ள எழுவரைத் தேர்ந்து, ஜெபித்து, அவர்கள்மேல் கைகளை வைத்தது. பந்தி விசாரணை சிறிய வேலை என்று அதனைப் பெயரற்றோரிடம் விட்டுவிடவில்லை. பொறுப்போடு அதிகாரத்தையும் அளித்தது. உதவிக்காரர் அரைக் குருவானவர் அல்லர்; அவருக்கென்று ஓர் ஊழியம் உண்டு. அவ்வாறே செவிலியரும் அரை மருத்துவர் அல்லர். மருத்துவர் இல்லாத குறையை நிரப்ப வந்தவர் என்று மட்டும் அவரை எண்ணுவோமாகில், மருத்துவர் கிடைத்த அன்றே அவரை மறந்துவிடுவோம். நோயாளியின் அருகில் இடைவிடாது தங்கியிருத்தல் அவருக்கே உரிய பணி. வருகை தந்து செல்லும் மருத்துவர் அதனைச் செய்ய இயலாது.

இவ்விடத்தில் நம்மையே நாம் சோதித்துப் பார்த்தல் வேண்டும். குருமார் குறைந்த சேகரங்களில் உபதேசியாரைக் குறைந்த சம்பளத்தில் குருவானவரின் வேலையெல்லாம் செய்ய வைத்து, மன்றங்களில் அவருக்கு இடம் மறுத்த வழக்கம் நம்மிடம் இருந்ததன்றோ? அதே மனப்பான்மையோடு நம் மருத்துவமனைகளை நடத்துவோமாகில், இளம் செவிலியர் நம்மை விட்டுப் பெருநகரங்களுக்கும் அயல்நாடுகளுக்கும் செல்வதைக் குறித்து நாம் குறைகூற இயலாது. ஊழியம் என்ற சொல்லைச் சொல்லி நியாயமான கூலியைக் குறைப்பது ஊழியத்திற்கே இழுக்கு.

ஆயர்களாகிய நாம் உடனே செய்யத்தக்கவை சில உண்டு. மருத்துவமனை நிர்வாகக் குழுக்களில் செவிலியர் வாக்குரிமையோடு அமர வேண்டும். சேகரங்களில் ஓய்வுபெற்ற செவிலியரும் மருந்தாளுநரும் முதியோரையும் படுக்கையிலுள்ளோரையும் பேணும் பணிக்கு அழைக்கப்பட்டு, ஆராதனையில் சபையாரின் முன் ஜெபத்தோடு அனுப்பப்பட வேண்டும். வரலாறு பயிலும் மாணவர், பழைய மருத்துவமனைப் பதிவேடுகளிலும் கல்லறைத் தோட்டங்களிலும் மறைந்து கிடக்கும் கம்பவுண்டர், தாதியர் பெயர்களைத் தேடித் தொகுக்க வேண்டும். இன்னும் சில ஆண்டுகள் கழியுமாகில் காகிதங்களும் செல்லரிக்கும், நினைவுடைய முதியோரும் மறைவர். பொருநைக் கரையில் உயிர்களைக் காத்தோரின் வரலாறு அவர்கள் பெயர்களோடு எழுதப்படும்போதே நம் மருத்துவ ஊழியத்தின் வரலாறு நிறைவு பெறும்.